கிறித்தவக் கம்பர் கிருஷ்ண பிள்ளை

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் குன்றின் அடியில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஆவூரிலே பழமை வாய்ந்த தேவாலயம் விளங்குகிறது. அங்கே சரணாகதி என்பர். இங்கே விசுவாசம் என்பர். இவ்விரு சொற்களின் உட்பொருளையும் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை.

1827ஆம் ஆண்டு, நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் வைணவ வேளாளர் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மாள். கம்பராமாயணத்தில் தோய்ந்த சூழலில் வளர்ந்த அவருக்கு இலக்கணமும் இலக்கியமும் இளமையிலேயே கைவந்தன. 1853இல் சாயர்புரத்தில் கிறித்தவ சபையார் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். தமிழ் கற்பிக்கச் சென்றாரேயன்றி, மதம் மாறச் செல்லவில்லை.

ஆனால் நண்பர் தனுக்கோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்பே கிறித்தவத்தைத் தழுவினர். அவர்களின் தொடர்பும், படித்த நூல்களும் அவர் உள்ளத்தை அசைத்தன. பிறந்த குடியின் சமயத்தை விடுவது எளிய செயலா? ஆயினும் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் பூண்டார்.

அவரை ஆட்கொண்ட அந்த விசுவாசம் யாது? கடவுள் உண்டென ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. ஓடம் அக்கரை சேர்க்கும் என்று கரையில் நின்று பேசுவது வேறு. ஓடத்தில் ஏறி அமர்வது வேறு. ஏறி அமர்வதே இரட்சிப்புக்குரிய விசுவாசம்.

ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை இதனையே கூறுகிறது. பாவமூட்டையைச் சுமந்து வருந்தும் பயணி, அதைத் தன் வலிமையால் இறக்க இயலாது தவிக்கிறான். சிலுவையின் முன் வந்து நிற்கும்போது மூட்டை தானே அவிழ்ந்து விழுகிறது. அதே கதையில் விசுவாசத்தைப் பற்றி வாய் ஓயாது பேசும் ஒருவனும் வருகிறான். அவன் பேச்சு நடத்தையில் இல்லை. எனவே அது விசுவாசமே அன்று. நற்செயல்கள் இரட்சிப்புக்கு விலையல்ல. மெய்யான விசுவாசம் காய்க்கும் கனிகளே அவை.

வைணவம் அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி, அருளையும் முயற்சியையும் நம் பெரியோர் ஆராய்ந்துள்ளனர். கிறித்தவமோ அந்த அருளை இயேசுவின் சிலுவை மரணத்தில் காண்கிறது. வேறுபாடு அங்கேதான்.

பனியன் கதையைக் கிருஷ்ண பிள்ளை மொழிபெயர்க்கவில்லை. ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் தமிழ்க் காப்பியமாகவே படைத்தார். அது 1894இல் வெளிவந்தது. சமயம் மாறியவர் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை. கம்பரிடம் கற்ற செல்வத்தையெல்லாம் புதிய விசுவாசத்தின் பணிக்கே ஆக்கினார். 1900இல் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! எச்சமயத்தவராயினும் அவர் வாழ்வு நம்மை ஒரு கேள்வி கேட்கிறது. நாம் நம்புவதாகச் சொல்வதை, கரையில் நின்று பேசுகிறோமா, ஓடத்தில் ஏறிவிட்டோமா?