பொம்மை செய்தவர் காத்த உயிர்கள்

நார்வே நாட்டின் தென்மேற்குக் கரையில் ஸ்டவாங்கர் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரில் பொம்மைத் தொழில் நடத்தி வந்தவர் ஆஸ்மண்ட் லேர்டல். 1950களில் ஒருநாள், அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் மூழ்கிவிட்டான். விரைந்து சென்ற தந்தை அவனை வெளியே தூக்கியபோது, சிறுவனின் உடல் அசைவற்றுக் கிடந்தது. அவனது மூச்சுப் பாதையை அடைத்திருந்த தண்ணீரை அவர் உடனே வெளியேற்றினார். சற்றுத் தாமதித்திருந்தாலும் மகனை இழந்திருப்பார். அன்று சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

அந்தப் பொம்மை வணிகர் பின்னாளில் உலகெங்கும் மருத்துவர்களும் தாதியரும் மாணவர்களும் உயிர்காக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வழி செய்தார்.

லேர்டல் 1940ஆம் ஆண்டில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் வாழ்த்து அட்டைகளையும் சிறுவர் நூல்களையும் வெளியிட்டார். பிறகு, மரத்தாலான விளையாட்டுப் பொருள்களைச் செய்து விற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெகிழிப் பொருள்கள் பரவத் தொடங்கின. புதியவற்றை முயன்று பார்ப்பதில் ஆர்வம் கொண்ட லேர்டல், மென்மையான நெகிழியால் சிறிய கார்களையும் பொம்மைகளையும் செய்தார். அவற்றுள் 'ஆன்' என்னும் பெயருடைய பெண் பொம்மை மிகவும் புகழ் பெற்றது. தொடுவதற்கு மென்மையாக இருந்த அந்தப் பொம்மையைக் குழந்தைகள் பெரிதும் விரும்பினர்.

அதே மென்மையான நெகிழியைக் கொண்டு முதலுதவிப் பயிற்சிக்கான செயற்கைக் காயங்களையும் அவர் உருவாக்கினார். பார்ப்பதற்கு உண்மையான காயங்களைப் போலவே அவை இருந்தன. அவற்றை உடலில் பொருத்திக்கொண்டு, கட்டுப் போடுவதற்குப் பயிற்சி செய்தார்கள். இவ்வாறு அவருடைய தொழில் மருத்துவத் துறையை நெருங்கியது.

அக்காலத்தில் மூச்சு நின்றவரைக் காப்பாற்றும் முறை வேறாக இருந்தது. அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்துவார்கள். கைகளைத் தூக்கி இறக்குவார்கள். அம்முறையால் போதிய காற்று நுரையீரலுக்குள் செல்லவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் பீட்டர் சாஃபர் இதனை ஆராய்ச்சி மூலம் நிறுவினார். நினைவிழந்தவரின் நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. தலையைப் பின்னோக்கிச் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் மூச்சுப் பாதை திறக்கும். அதன்பின் வாயோடு வாய் வைத்து ஊதினால் காற்று உள்ளே செல்லும். இதுவே அவர் காட்டிய வழி.

1958ஆம் ஆண்டு நார்வேயில் மயக்கமருந்து மருத்துவர்களின் மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்குச் சாஃபர் தம் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கினார். அதனைக் கேட்டவர்களுள் ஸ்டவாங்கர் நகர மருத்துவர் பியோர்ன் லின்டும் ஒருவர். அவர் மூலமாக இச்செய்தி லேர்டலை எட்டியது.

புதிய முறை எளிமையானதுதான். ஆனால், அதனை எப்படிப் பழகுவது? முன்பின் அறியாத ஒருவரின் வாயில் வாய் வைத்து ஊதிப் பழகப் பலரும் தயங்கினர். அதனால் நோய் பரவவும் கூடும். நூலில் படித்தால் மட்டும் போதுமா? ஓர் உயிர் ஊசலாடும் வேளையில், கை பழகாத ஒருவர் தடுமாறவே செய்வார். எனவே, மனித உருவிலான பயிற்சிப் பொம்மை தேவைப்பட்டது. பொம்மைத் தொழிலை நன்கு அறிந்த லேர்டல் அப்பணியை மனமுவந்து ஏற்றார்.

அவர் ஒரு வளர்ந்த மனிதரின் அளவில் பொம்மையை வடிவமைத்தார். அது வெறும் உருவமாக இருந்தால் பயன் இல்லை. பயில்பவர் செய்யும் பிழையை அது உணர்த்த வேண்டும். ஆகவே, தலையைச் சரியாகச் சாய்த்தால் மட்டுமே காற்று உள்ளே செல்லும்படி அதனை அமைத்தார். சரியாக ஊதினால் பொம்மையின் மார்பு உயரும். தவறாகச் செய்தால் மார்பு அசையாது. ஆசிரியர் சொல்லாமலே பயில்பவர் தம் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ளலாம்.

பொம்மைக்கு எத்தகைய முகத்தை அமைப்பது என்றும் லேர்டல் சிந்தித்தார். அச்சம் தரும் முகமாக இருந்தால் பயில வருபவர்கள் விலகிப் போவார்கள். ஆண் உருவமாக இருந்தால் ஆண்கள் வாய் வைத்து ஊதத் தயங்குவார்கள் என்றும் அவர் கருதினார். அப்போது உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்த ஒரு முகமூடி அவர் நினைவுக்கு வந்தது. அது அமைதியான புன்னகையுடைய ஓர் இளம்பெண்ணின் முகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத பெண்ணின் முகம் அது எனச் சொல்லப்படுகிறது. அம்முகத்தையே அவர் பொம்மைக்கு அமைத்தார். தாம் முன்பு செய்த பொம்மையின் பெயரையொட்டி அதற்கும் 'ஆன்' என்றே பெயரிட்டார்.

1960ஆம் ஆண்டு அப்பொம்மை வெளிவந்தது. அதே ஆண்டில் பால்டிமோர் நகர ஆய்வாளர்கள், நின்றுபோன இதயத்தை மார்பின்மேல் அழுத்தி இயக்கும் முறையை வெளியிட்டனர். நலமாக உள்ளவரின் மார்பை அவ்வாறு அழுத்திப் பழகினால் அவருக்குத் தீங்கு நேரலாம். ஆகவே, சாஃபரின் அறிவுரைப்படி, பொம்மையின் மார்புக்குள் லேர்டல் சுருள்வில்லைப் பொருத்தினார். அதன்பின் மூச்சளிப்பதையும் மார்பை அழுத்துவதையும் ஒரே பொம்மையில் பழக முடிந்தது. 1960களின் தொடக்கத்திலேயே நார்வே நாட்டுப் பள்ளி மாணவர்களும் இப்பொம்மையைக் கொண்டு பயிற்சி பெற்றனர்.

காலப்போக்கில் லேர்டலின் நிறுவனம் மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனமாக மாறியது. அவசர மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவ 1980இல் ஓர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு லேர்டல் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. இன்று மருத்துவமனைகளில் குழுவாகச் சேர்ந்தும் பாவனைப் பயிற்சி செய்கிறார்கள். ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் ஒருவர் மட்டும் அவரைக் காப்பாற்றுவது கடினம். ஒருவர் மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துவார். மற்றொருவர் மூச்சளிப்பார். வேறொருவர் மின்னதிர்ச்சிக் கருவியை இயக்குவார். மருந்து செலுத்த ஒருவரும் நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். தலைவர் அனைவரையும் வழிநடத்துவார். திறமையுள்ளவர்கள் கூடியிருந்தாலும், யார் எதைச் செய்வது என்பது தெளிவாக இல்லாவிட்டால் நேரம் வீணாகும். நோயாளியின் உயிர் போய்விடும்.

ஆகவே, கணினியால் இயங்கும் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, உண்மையான அவசர நேரத்தைப் போலவே அவர்கள் செயல்படுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஒன்றாக அமர்ந்து, எங்கே தவறினோம் என்று கலந்துரையாடுகிறார்கள். பிறகு மீண்டும் செய்து பார்க்கிறார்கள். பொம்மையிடம் எத்தனை முறை தவறினாலும் ஓர் உயிரும் போவதில்லை. அங்கே திருத்திக்கொண்ட பிழை, நோயாளியின் கட்டிலருகே மீண்டும் நேராமல் இருக்க உதவுகிறது.

லேர்டல் மருத்துவம் படித்தவர் அல்லர். ஆயினும், தமக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே மருத்துவ உலகின் ஒரு பெருங்குறையைத் தீர்த்து வைத்தார். அன்று தண்ணீரில் மூழ்கிய தம் மகனைக் காத்த அவர், பின்னாளில் முகம் அறியாத எத்தனையோ பெற்றோரின் பிள்ளைகள் பிழைக்கவும் துணை செய்தார்.