ஹென்றி முவாசான்

நாம் உண்ணும் உப்பில் குளோரின் உண்டு. காயத்திற்குத் தடவும் மருந்துகள் சிலவற்றில் அயோடின் உண்டு. புரோமினும் ஃபுளூரினும் இவற்றின் உடன்பிறப்புகள். உலோகங்களோடு கூடி உப்புகளை உண்டாக்குவதால் இத்தனிமக் குடும்பத்தை உப்பீனிகள் என்பர். ஹாலஜன்கள் என்றும் கூறுவர். 1774இல் குளோரினும், 1811இல் அயோடினும், 1826இல் புரோமினும் பிரித்தெடுக்கப்பட்டன. ஃபுளூரின் மட்டும் எவர் கைக்கும் அகப்படவில்லை.

அத்தனிமம் இருப்பதை அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். ஆயினும், கிட்டத்தட்ட எல்லாப் பொருள்களோடும் பாய்ந்து கூடும் இயல்புடைய அதைத் தனியே நிறுத்துவது அரிதாயிற்று. அது வெளிப்பட்ட கணமே தன்னைத் தாங்கிய கலத்தையே அரித்துவிடும். அதைத் தேடியவர்கள் கையாண்ட ஹைட்ரஜன் ஃபுளூரைடோ தோலையும் நுரையீரலையும் புண்ணாக்கும் கொடிய நஞ்சு. ஹம்ப்ரி டேவி அதனால் நோயுற்றார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயினர். பெல்ஜிய நாட்டு லூயேயும் பிரான்சு நாட்டு நிக்லேயும் இத்தேடலில் உயிரிழந்தனர். இத்தகைய தனிமத்தைப் பிரித்தெடுத்தவரே ஹென்றி முவாசான்.

முவாசான் 1852ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தை இரயில்வே நிறுவனத்தில் சிறிய பணியில் இருந்தார். தாய் தையல் வேலை செய்து குடும்பத்திற்கு உதவினார். 1864இல் குடும்பம் மோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. முவாசான் அவ்வூர்ப் பள்ளியில் பயின்றார். ஆயினும், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குரிய சான்றிதழைப் பெறாமலேயே அவர் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. சிலகாலம் கடிகாரம் செய்யும் தொழிலைப் பழகினார். பின்னர்ப் பாரிசில் ஒரு மருந்துக்கடையில் பணிக்கு அமர்ந்தார். அங்கிருந்தபோது, ஆர்செனிக் நஞ்சுண்ட ஒருவரைக் காப்பாற்றினார்.

வேதியியல்மீது கொண்ட வேட்கை அவரை விடவில்லை. எட்மோன் ஃப்ரெமி என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். தவறவிட்ட பள்ளிச் சான்றிதழை 22ஆம் வயதில் தேர்வெழுதிப் பெற்றார். தொடர்ந்து பயின்று முனைவர் பட்டமும் அடைந்தார். 1882இல் லெயோனி லூகான் என்பாரை மணந்தார். மருமகனின் திறமையை அறிந்த மாமனார் பொருளுதவி செய்தமையால், அவர் பிழைப்புக் கவலையின்றி ஆய்வில் ஈடுபட முடிந்தது.

ஆசிரியர் ஃப்ரெமியும் ஃபுளூரினைப் பிரிக்கப் பல்லாண்டுகள் முயன்று தோற்றவர். அவர் விட்ட இடத்திலிருந்து முவாசான் தொடங்கினார். முதலில் பாஸ்பரசு, ஆர்செனிக் ஆகியவற்றின் ஃபுளூரைடுகளைக் கொண்டு முயன்றார். அவை பயன் தரவில்லை. நச்சாவியால் உடல் நலிந்து, பலமுறை ஆய்வை நிறுத்தவேண்டியிருந்தது. உடல் தேறியதும் மீண்டும் தொடங்கினார்.

இறுதியில் அவர் கண்ட வழி மின்னாற்பகுப்பு. பிளாட்டினத்தால் ஆன வளைந்த குழாய் ஒன்றில் நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடை ஊற்றி, பொட்டாசியம் ஃபுளூரைடைக் கரைத்தார். குழாயின் வாய்களை, ஃபுளூரின் அரிக்க இயலாத ஃபுளூர்ஸ்பார் என்னும் கனிமத்தால் அடைத்தார். வேதிவினையின் வேகத்தைத் தணிக்கக் குழாயைக் கடுங்குளிரில் வைத்தார். பின்பு மின்சாரத்தைச் செலுத்தினார். 1886ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள், நேர்மின்வாயில் ஒரு வாயு வெளிப்பட்டது. அதன்முன் சிலிக்கான் துண்டைக் காட்டியதும் அது தீப்பற்றி எரிந்தது. ஃபுளூரின் பிடிபட்டது!

கண்டுபிடிப்பைச் சோதிக்க அறிவியல் கழகம் மூவர் குழுவை அனுப்பியது. அம்மூவருள் ஒருவர் ஃப்ரெமி. முவாசான் அவர்கள்முன் சோதனையைத் தொடங்கினார், வாயு வெளிப்படவில்லை. எத்துணை முயன்றும் குழாயினுள் மின்சாரம் பாயவில்லை. குழுவினர் திரும்பிச் சென்றனர்.

முவாசான் மனம் தளரவில்லை; பிழை எங்கே என ஆராய்ந்தார். பெரியோர் காணும் சோதனை என்பதால், ஹைட்ரஜன் ஃபுளூரைடை வழக்கத்தினும் மிகுந்த கவனத்தோடு தூய்மை செய்திருந்தார். அதனால் அதில் பொட்டாசியம் ஃபுளூரைடு சிறிதும் இல்லாமற்போயிற்று. தூய ஹைட்ரஜன் ஃபுளூரைடு மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரத்திற்கு வழிவிட்டது அந்த உப்பே. அதைச் சேர்த்து மீண்டும் சோதனை செய்தபோது ஃபுளூரின் தடையின்றி வெளிப்பட்டது. தாம் அடைய இயலாத வெற்றியைத் தம் மாணவர் அடைந்ததை ஃப்ரெமி நேரில் கண்டார்.

பிற்காலத்தில் முவாசான், மிகு வெப்பம் தரும் மின்னுலையை அமைத்தார். இவ்விரு பணிகளுக்காக 1906ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற சில வாரங்களில், 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், குடல்வால் அழற்சியால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 54.

அவர் பிரித்தெடுத்த தனிமத்தின் சேர்மங்கள் இன்று வீடுதோறும் உள்ளன. பற்பசையில் சிறிதளவு சேரும் ஃபுளூரைடு பற்சிதைவைத் தடுக்கிறது. தோசை ஒட்டாத கல்லின் மேற்பூச்சான டெஃப்லானும் ஃபுளூரின் சேர்மமே. அணு உலைக்குரிய யுரேனியத்தைச் செறிவூட்டவும் ஃபுளூரின் உதவுகிறது.

எனினும், அளவு மீறினால் அதுவே கேடாகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்து, அதைப் பல்லாண்டுகள் பருகினால் பற்களில் கறை படியும், எலும்புகளும் தாக்குறும். இராசத்தான், தெலங்கானாவின் நல்கொண்டா, தமிழ்நாட்டின் தருமபுரி முதலிய பகுதிகளில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து ஃபுளூரைடு நீரில் கலக்கிறது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு அந்நீரைத் தெளிவிக்கும் முறைக்கு நல்கொண்டா முறை என்றே பெயர். குளிர்ப்பெட்டிகளில் முன்பு பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்களிலிருந்து பிரியும் குளோரின், வானின் ஓசோன் படலத்தைச் சிதைத்தது. அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று.

முவாசான் தம் உடல்நலத்தை ஈடாக வைத்து உலகிற்கு ஒரு தனிமத்தை அளித்தார். அதை அளவறிந்து கையாளும் பொறுப்பு, அவருக்குப் பின் வந்தோரைச் சேர்ந்ததாயிற்று.

சொற்பொருள்

வேட்கை – பெருவிருப்பம்
நலிந்து – மெலிந்து
தணிக்க – குறைக்க
எத்துணை – எவ்வளவு
ஈடாக – பணயமாக

பயிற்சி

1. ஹாலஜன்களுக்கு உப்பீனிகள் என்னும் பெயர் ஏன் ஏற்பட்டது?
2. குழுவினர்முன் நடந்த முதற்சோதனை தோற்றதற்குக் காரணம் யாது?
3. ஃபுளூரின் சேர்மங்களால் விளையும் நன்மை, தீமைகளை அட்டவணைப்படுத்துக.
4. பிரித்து எழுதுக: இத்தேடலில், மருந்துக்கடை, நச்சாவி.
5. உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.