வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்வது யார்? ‘ஹார்மோன்’ என்ற சொல்லைத் தந்த ஸ்டார்லிங்கின் கதை

சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் பற்றித்தான் இப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு. ஓசெம்பிக், வெகோவி, மவுஞ்சாரோ என்ற பெயர்கள் மருந்துக்கடையைத் தாண்டி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டன. சாப்பிட்டவுடன் நம் குடல் தானாகவே ரத்தத்தில் ஒரு தகவலை அனுப்புகிறது. அதே தகவலை நாள்கணக்கில் நீடிக்கிற மாதிரி உடலுக்குச் சொல்வதுதான் இந்த ஊசிகளின் வேலை.

குடலுக்கு இப்படித் தகவல் அனுப்பத் தெரியும் என்பதையே 1902 வரை மருத்துவ உலகம் அறியவில்லை. அதை நிரூபித்த இருவரில் ஒருவர் எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அவர் இறந்து நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆனால் அவர் தொடங்கிவைத்த வேலை இன்னும் முடியவில்லை.

யார் இந்த ஸ்டார்லிங்?

1866 ஏப்ரல் 17 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். பம்பாயில் ஆங்கிலேய அரசின் நீதித்துறையில் வேலை. அதனால் குடும்பம் லண்டனில், அப்பா இந்தியாவில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அவர் வீட்டுக்கு வருவார். ஏழு பிள்ளைகளையும் அம்மாதான் வளர்த்தார். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார் ஸ்டார்லிங். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதைவிட உடல் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விதான் அவரை இழுத்தது. உடலியங்கியலில் அப்போது ஜெர்மனிதான் முன்னணி. அங்கே போய் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்து கற்றுக்கொண்டார். 1899-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 33.

இந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். அவர் வில்லியம் பேலிஸ், ஸ்டார்லிங்கைவிட ஆறு வயது மூத்தவர். 1893-ல் ஸ்டார்லிங்கின் சகோதரி கெர்ட்ரூடைத் திருமணம் செய்துகொண்டார். ஆக, ஆய்வுக்கூடத்தில் கூட்டாளிகள், வீட்டில் மைத்துனர்கள். குணத்தில் இருவரும் எதிரெதிர். பேலிஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை, நிதானமானவர், எதையும் பொறுமையாகச் செய்வார். ஸ்டார்லிங் வேகமானவர், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

1902-ல் என்ன நடந்தது?

சாப்பாடு இரைப்பையில் அமிலத்தோடு கலந்து சிறுகுடலுக்குள் இறங்குகிறது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கணையம் தன் செரிமான நீரைக் குடலுக்குள் விடுகிறது. அந்த நீர் அமிலத்தைச் சமன் செய்து, சாப்பாட்டைச் செரிக்க உதவும். சரி, குடலுக்கு உணவு வந்துவிட்டது என்று கணையத்துக்கு எப்படித் தெரிகிறது?

நரம்புகள் வழியாகத்தான் என்பது அன்றைய பதில். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். நாய்களை வைத்துச் செரிமானத்தை ஆராய்ந்து, பின்னாளில் 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். நரம்பை வெட்டிய பிறகும் கணையம் சுரப்பதைச் சில ஆய்வாளர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் வெட்டுப்படாமல் விடுபட்ட ஏதோ சின்ன நரம்புதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

1902 ஜனவரி 16. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் ஸ்டார்லிங்கும் பேலிஸும் வெட்டினார்கள். ரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தக் குடல் பகுதிக்குள் அமிலத்தை ஊற்றினார்கள். கணையம் சுரந்தது!

நரம்பே இல்லாதபோது தகவல் எப்படிப் போனது? மிச்சம் இருப்பது ரத்தம் ஒன்றுதான். ஸ்டார்லிங் உடனே அடுத்த அடி எடுத்து வைத்தார். குடலின் உட்படலத்தைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் கழுத்து ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் கணையம் முன்பைவிட நன்றாகவே சுரந்தது. குடல் ஒரு ரசாயனத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது, அது போய்க் கணையத்தை எழுப்புகிறது என்பது உறுதியானது. அந்தப் பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள்.

பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலும் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அதே முடிவுதான் வந்தது. பாவ்லோவ் ஏற்றுக்கொண்டார். நரம்புக்கும் செரிமானத்தில் பங்கு உண்டு என்பதும் உண்மைதான் எனப் பின்னாளில் தெரியவந்தது.

ஹார்மோன் என்ற பெயர் எப்படி வந்தது?

இது செக்ரிட்டின் என்ற ஒரே பொருளின் கதையாக இருக்காது என்று ஸ்டார்லிங் நினைத்தார். ஓர் உறுப்பில் உருவாகி, ரத்தத்தில் பயணித்து, தூரத்தில் இருக்கிற இன்னோர் உறுப்பை வேலை செய்ய வைக்கும் ரசாயனங்கள் உடல் முழுக்க இருக்க வேண்டும் என்று கணித்தார். 1905-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் ஆற்றிய உரைகளில் அவற்றுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்தினார். தூண்டுவது, கிளப்பிவிடுவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. இன்று தைராய்டு, இன்சுலின், ஈஸ்ட்ரோஜன் என்று எதைப் பேசினாலும் அந்தச் சொல் இல்லாமல் பேச முடியாது.

பழுப்பு நாய் வழக்கு

இந்த அறிவுக்கு ஒரு விலையும் இருந்தது. சோதனைகளில் பல நாய்கள் உயிரிழந்தன. 1902 டிசம்பரில் ஒரு பழுப்பு நாய்க்கு ஸ்டார்லிங் அறுவைசிகிச்சை செய்தார். 1903 பிப்ரவரியில் அதே நாயை மறுபடி திறந்து சோதித்துவிட்டு, மாணவர்கள் முன் செயல்விளக்கத்துக்காகப் பேலிஸிடம் கொடுத்தார். அந்த வகுப்பில் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். விலங்குகள் மீதான சோதனையை எதிர்த்தவர்கள். நாய் சரியாக மயக்கப்படவில்லை என்று குற்றம்சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசிய ஸ்டீபன் கோல்ரிட்ஜ் மீது பேலிஸ் அவதூறு வழக்குத் தொடர்ந்து ஜெயித்தார். 2,000 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. அதையும் கல்லூரியின் ஆய்வுக்கே கொடுத்துவிட்டார்.

ஆனா விஷயம் அதோடு முடியலை. ஒரே விலங்கை இரண்டாவது சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அன்றைய சட்டம். அதை மீறியதை ஸ்டார்லிங்கே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இன்னொரு நாயைப் பலி கொடுக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னார். 1906-ல் லண்டன் பேட்டர்சீயில் அந்த நாய்க்குச் சிலை வைக்கப்பட்டது. 1907-ல் அதை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் தெருவில் இறங்க, கலவரமே ஆனது. 1910-ல் சிலை அகற்றப்பட்டது. 1985-ல் புதிதாக ஒரு சிலை வந்தது.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குடல் சொன்னால் கணையம் கேட்கிறது என்றால், சர்க்கரையைக் குறைக்கவும் அதனிடம் சொல்ல வைக்கலாமே? இந்த யோசனை அப்போதே வந்துவிட்டது. 1906-ல் லிவர்பூலில் பெஞ்சமின் மூர் என்பவரின் குழு, குடல் உட்படலத்தின் சாற்றைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1921-ல்தான். அதற்கு 15 ஆண்டு முன்பு நடந்த முயற்சி இது. நம்பிக்கையான பலன் கிடைக்கவில்லை. 1932-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த லா பார் என்ற ஆய்வாளர், ரத்தச் சர்க்கரையைக் குறைக்க உதவும் குடல் பொருளுக்கு இன்கிரெட்டின் என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதன்பிறகு ஆர்வம் குறைந்துபோனது.

1960-களில் ரத்தத்தில் உள்ள இன்சுலினைத் துல்லியமாக அளக்க முடிந்தது. அப்போதுதான் பெரிய ஆச்சரியம். குளுக்கோஸை நேராக ரத்தத்தில் ஏற்றுவதைவிட, வாயால் குடித்தால் கணையம் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது என்று 1964-ல் தெரிந்தது. ஆரோக்கியமான உடலில், சாப்பிட்ட பிறகு சுரக்கும் இன்சுலினில் பாதிக்கும் மேல் குடல் ஹார்மோன்களின் தூண்டுதலால் வருவது. இந்த வேலையைச் செய்வது செக்ரிட்டின் இல்லை. ஜிஐபி, ஜிஎல்பி-1 என்ற இரண்டு ஹார்மோன்கள்தான் முக்கியமானவை. டைப் 2 சர்க்கரை நோயில் இந்தத் தூண்டுதல் பலவீனமாகிவிடுகிறது.

பசியை இவை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

• கிரெலின்: இரைப்பையிலிருந்து வருவது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது கூடும், பசியைக் கிளப்பும். 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

• சிசிகே: கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்ததும் சுரக்கும். போதும் என்ற உணர்வைத் தரும்.

• ஜிஎல்பி-1: குடலில் சுரந்து கணையத்தை இன்சுலின் விடத் தூண்டும். இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். மூளையில் பசியைத் தணிக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போதுதான் இன்சுலினைத் தூண்டுவது இதன் தனிச்சிறப்பு.

பிரச்சினை என்னன்னா, இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதை அப்படியே மருந்தாக்க முடியாது. ஹீலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் விஷத்தில் ஜிஎல்பி-1 போலவே வேலை செய்கிற, சீக்கிரம் அழியாத ஒரு பொருள் கிடைத்தது. அதன் அடிப்படையில் உருவான எக்சனடைடு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைய செமாகுளூடைடு கிட்டத்தட்ட ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடு ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் வேலையையும் செய்கிறது.

ஊசியை நிறுத்தினால் பசியும் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்த எடையும் திரும்பி வருவதற்குக் காரணமும் இதுதான். வெளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த தகவல் நின்றுபோகிறது. குமட்டல், வாந்தி போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

கடைசி ஆண்டுகள்

ஸ்டார்லிங் குடலோடு நிற்கவில்லை. இதயம் எவ்வளவு ரத்தத்தால் நிறைகிறதோ அதற்கேற்ப வலுவாகச் சுருங்கும் என்ற விதி இன்றும் அவர் பெயரில்தான் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. முதல் உலகப் போரில் விஷவாயுப் பாதுகாப்பு வேலையில் இருந்தார், மேலதிகாரிகளோடு முட்டிக்கொண்டார். பிறகு நாட்டின் உணவுக் கொள்கைக்கு ஆலோசகர் ஆனார். கடினமாக உழைப்பவருக்கு அதிகம் பசிக்கும், ரொட்டியை அளந்து கொடுக்கக் கூடாது என்பது அவரைப் போன்ற உடலியங்கியலாளர்களின் வாதம். 1918-ல் சர்க்கரை, இறைச்சி, வெண்ணெய்க்கெல்லாம் ரேஷன் வந்தது. போர் முடியும்வரை ரொட்டிக்கு வரவில்லை.

நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. பேலிஸுக்கு 1922-ல் சர் பட்டம் வந்தது. ஸ்டார்லிங்குக்கு அதுவும் இல்லை.

வாழ்க்கையில் இன்னொரு முரணும் உண்டு. எந்தக் குடலைப் படித்துப் புகழ் பெற்றாரோ அதிலேயே நோய் வந்தது. 1920-ல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகும் ஆய்வை விடவில்லை, சிறுநீரகம் பற்றி ஆராய்ந்தார். 1924-ல் பேலிஸ் இறந்தார். 1927-ல் உடல் தேற வேண்டும் என்று கரீபியன் கடற்பயணம் போன ஸ்டார்லிங், மே 2 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகம் நெருங்கும் நேரத்தில் கப்பலிலேயே காலமானார். கிங்ஸ்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வயது 61.

பசி என்றால் வெறும் மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் என்று குண்டாக இருப்பவர்களைக் கேலி செய்வது இன்றும் நம்மிடம் சாதாரணம். எப்போது சாப்பிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் குடலுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஸ்டார்லிங்கும் பேலிஸும் திறந்துவிட்ட வழியில் போய்த்தான் மருத்துவம் இதைத் தெரிந்துகொண்டது.