கோவிந்தப்ப வெங்கடசாமி

கோவிந்தப்ப வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – சூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண் அறுவை மருத்துவரும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனரும் ஆவார். டாக்டர் வி என்ற சுருக்கப் பெயராலும் அறியப்படுகிறார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்குக் குறைந்த செலவிலும் கட்டணமின்றியும் பெருமளவில் அறுவை மருத்துவம் செய்யும் முறையை உருவாக்கினார். புதிய தொழில்நுட்பம் ஒன்றை ஏற்கும் முன் அதன் பயன், செலவு, அதைக் கையாளப்போகும் பணியாளர்கள் ஆகியவற்றை ஆராய்ந்து பார்த்தல் இவர் நிறுவிய அமைப்பின் முக்கியமான நடைமுறையாக வளர்ந்தது.

இளமையும் கல்வியும்

வெங்கடசாமி எட்டயபுரம் அருகேயுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். இவரது உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் உரிய மருத்துவம் கிடைக்காமல் இறந்தது இவரை மருத்துவக் கல்வியின் பக்கம் திருப்பியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938 இல் பட்டம் பெற்றார். 1944 இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

கடுமையான முடக்குவாதத்தால் 1948 இல் இராணுவப் பணியிலிருந்து விலக நேர்ந்தது. விரல்கள் நிலையாகக் கோணிவிட்டதால் மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். அக்கைகளாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, தமது வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

அரசுப் பணியும் அரவிந்த் தோற்றமும்

1956 இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1960களில் ஊர்ப்புறங்களில் கண் மருத்துவ முகாம்களை நடத்தத் தொடங்கினார். 1973 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

1976 இல் 58 வயதில் ஓய்வு பெற்றபின், உடன்பிறந்தோர் மற்றும் உறவினரின் துணையுடன் மதுரையில் 11 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் தொடங்கினார். சிறீ அரவிந்தரின் மீது கொண்ட பற்றினால் அதற்கு அரவிந்த் எனப் பெயரிட்டார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயே இலவச மருத்துவத்தையும் தாங்கியது. ஆகவே தவறான கருவியில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் ஏழை நோயாளி ஒருவரின் வாய்ப்பைக் குறைப்பதாக அமையும். தொழில்நுட்பத்தை எடைபோடும் வழக்கத்தின் அடிப்படை இதுவே.

உள்விழி வில்லை

முன்பு கண்புரை அறுவையில் விழிவில்லை முழுவதும் நீக்கப்பட்டு, நோயாளிக்குத் தடித்த கண்ணாடி வழங்கப்பட்டது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பார்வை மீண்டும் மங்கும். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை இக்குறையைப் போக்கியது. எனினும் வெளிநாட்டு வில்லைகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. நுண்ணோக்கியும் மருத்துவர்களுக்குப் புதிய பயிற்சியும் தேவைப்பட்டன. வளரும் நாடுகளின் முகாம்களுக்கு இம்முறை பொருந்தாது என்ற கருத்தும் அக்காலத்தில் நிலவியது.

இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருந்தன. முதலாவது, விலையைக் குறைக்க இயலுமா என்பது. சேவா அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் உதவியுடன் 1992 இல் மதுரையில் ஆரோலேப் நிறுவப்பட்டு, வில்லைகள் உள்நாட்டிலேயே மிகக் குறைந்த விலையில் தயாரிக்கப்பட்டன. இரண்டாவது, பெருந்திரளான நோயாளிகளிடம் புதிய முறை உண்மையில் மேலானதா என்பது. இதற்கு விடைகாண மதுரையில் 3,400 நோயாளிகளைக் கொண்டு பழைய முறையும் புதிய முறையும் ஒப்பிடப்பட்டன. 1998 இல் வெளியான முடிவுகள் வில்லை பொருத்தும் முறைக்குச் சாதகமாக அமைந்தன.

தகவல் தொழில்நுட்பம்

2001 இல் மதுரையை அடுத்த மேலூர்ப் பகுதியில் சிற்றூர்களுக்கு இணைய வசதி அளிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு அதில் பயன்பட்டது. அரவிந்த் மருத்துவமனையும் இதில் பங்கேற்றது. ஊர் இணைய மையத்தில் எடுக்கப்பட்ட கண்ணின் படம் மின்னஞ்சலில் மதுரைக்கு அனுப்பப்பட்டு, மருத்துவரின் அறிவுரை பெறப்பட்டது.

இம்முயற்சி பயனையும் வரம்பையும் சேர்த்தே காட்டியது. எளிய இணையப் படக்கருவி கண்ணின் வெளிப்பகுதியை மட்டுமே காட்டும். விழிவில்லையையும் விழித்திரையையும் ஆராயத் தனிக் கருவிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். மேலும், மேலூர்ப் பகுதியின் இணைய மையங்கள் பல பின்னர் மூடப்பட்டன. பிறர் நடத்தும் மையத்தைச் சார்ந்த மருத்துவச் சேவை, அம்மையம் மூடப்பட்டால் தானும் நின்றுவிடும்.

அரவிந்த் அமைப்பு சொந்தப் பணியாளர்களைக் கொண்ட பார்வை மையங்களை அமைத்தது. ஏறக்குறைய 50,000 மக்களுக்கு ஒரு மையம் என்பது திட்டம். மையத்திலுள்ள பணியாளர் கருவியால் கண்ணைச் சோதிப்பார். மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் கணினித் திரையின் வழியே நோயாளியுடன் பேசுவார். நேரடி நிகழ்படத்துக்கு அன்றைய ஊர்ப்புற இணைப்புகளின் வேகம் போதவில்லை.

இத்தேவைக்காகக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து தேனிப் பகுதியில் நெடுந்தொலைவு வைஃபை சோதிக்கப்பட்டது. வழக்கமான வைஃபை சுமார் 100 மீட்டர் எல்லைக்குள் இயங்க வடிவமைக்கப்பட்டது. தொலைவு கூடும்போது, தகவல் சேர்ந்ததற்கான ஒப்புகை உரிய நேரத்தில் வராததால் அனுப்பும் கருவி அதே தகவலை மீண்டும் மீண்டும் அனுப்பும். ஆய்வாளர்கள் மென்பொருளை மாற்றியும், திசைநோக்கு அலைவாங்கிகளைக் கோபுரங்களில் பொருத்தியும் இதைச் சரிசெய்தனர். 2006 இல் ஐந்து பார்வை மையங்கள் தேனி மருத்துவமனையுடன் இவ்வாறு இணைக்கப்பட்டிருந்தன.

ஆய்வகத்தில் தெரியாத இடர்கள் களத்தில் வெளிப்பட்டன. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு கருவிகளைப் பழுதாக்கியது. ஆய்வாளர்கள் ஊர் திரும்பியபின் இணைப்பைப் பராமரிப்பது யார் என்ற கேள்வியும் எழுந்தது. மின்பாதுகாப்பை மேம்படுத்தியும் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தும் பொறுப்பு படிப்படியாக மருத்துவமனையிடம் ஒப்படைக்கப்பட்டது.

மறைவும் தாக்கமும்

வெங்கடசாமி சூலை 7, 2006 அன்று மதுரையில் காலமானார். இறுதி ஆண்டுகளில் நிருவாகத்தை ப. நம்பெருமாள்சாமி, கோ. நாச்சியார், இரா. துளசிராஜ் முதலியோர் ஏற்று நடத்தினர். அரவிந்த் அமைப்புக்கு 2008 இல் உலக நலவாழ்வுக்கான கேட்சு விருதும், 2010 இல் ஹில்டன் மனிதநேய விருதும் கிடைத்தன. ஆரோலேப் வில்லைகள் 100 க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

சோதித்து ஏற்கும் வழக்கம் இவர் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்தது. நீரிழிவினால் ஏற்படும் விழித்திரை நோயைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுள் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு மென்பொருள், அரவிந்த் மற்றும் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளில் 3,049 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மனிதர் செய்த மதிப்பீட்டுடன் அதன் முடிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2019 இல் வெளியானது.