மீன் செத்த தண்ணியும் பழைய பட்டும்

200 வருஷப் பட்டுத்துணியை எப்படிக் கழுவுறது? தேய்த்தால் நூல் அறுந்துடும். தேய்க்கலைன்னா இழைக்குள்ள போன அழுக்கு வராது. பழந்துணிகளைப் பாதுகாக்கிறவங்க இதுக்குச் சோதிச்சுப் பார்த்த வழிகளில் ஒன்று அல்ட்ராசோனிக் கிளீனிங். அந்தத் தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற சாதனத்தின் பேர் லாங்கெவின் டிரான்ஸ்டியூசர். பேர் தெரியும், ஆள் யாருன்னு நம்மில் பலருக்குத் தெரியாது. (பிரெஞ்சுக்காரங்க 'லான்ஜ்வான்'னு சொல்வாங்க. நமக்கு டெக்ஸ்ட்புக் உச்சரிப்பே போதும்.)

பால் லாங்கெவின் 1872-ல் பாரிஸில் பிறந்தார். அவர் படித்தது நம்மளை மாதிரி ஒரு இன்ஜினியரிங் காலேஜ்தான். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் பியர் கியூரி. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று பியரும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனா அதை வச்சு பெரிசா என்ன பண்றதுன்னு ரொம்ப நாள் யாருக்கும் தெரியலை.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து அவற்றைப் பிடிக்கலாம் என்று ரஷ்ய இன்ஜினியர் சிலோவ்ஸ்கி ஒரு யோசனை சொன்னார். 1915-ல் லாங்கெவின் அவரோடு வேலையைத் தொடங்கினார். முதலில் மைக்காவை வைத்து முயன்றவர், 1917-ல் ஆசிரியரின் குவார்ட்ஸுக்கே திரும்பினார்.

அங்கேதான் சிக்கல். வேண்டிய ஃபிரிக்வென்சியில் ரெசனன்ஸ் வரணும்னா பல சென்டிமீட்டர் தடிமனில் குவார்ட்ஸ் வேணும். அவ்வளவு பெரிய கல்லுக்கு எங்க போறது? மெல்லிய குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி ஒட்டினார். மொத்தமும் ஒரே பொருளாக அதிர்ந்தது! அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சோதனையின்போது ஒலிக்கற்றைக்குள் வந்த சின்ன மீன்கள் செத்துப்போயின. தண்ணீரில் கையை விட்டால் வலித்தது. 1918-ல் நீர்மூழ்கியின் எதிரொலியும் கிடைத்தது.

பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். 1940 அக்டோபரில் நாஜிகள் கைது செய்து சிறையில் போட்டு, பிறகு த்ருவா நகரில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். இயற்பியலாளரான மருமகன் ஜாக் சாலமனை 1942-ல் சுட்டுக் கொன்றார்கள். மகள் எலன் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார். 1944-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிய லாங்கெவின் 1946-ல் இறந்தார்.

இன்றைய தொட்டிகளில் குவார்ட்ஸுக்குப் பதில் செராமிக், ஒட்டுக்குப் பதில் போல்ட். சாண்ட்விச் மட்டும் அப்படியே. ஒலியில் தண்ணீருக்குள் நுண்குமிழிகள் உருவாகி உடையும்போது இழைக்குள்ள இருக்கிற அழுக்கு தேய்க்காமலே பெயர்ந்து வரும். ஃபிரிக்வென்சியைக் கூட்டினால் குமிழி சின்னதாகும், அடியும் மெதுவாகும். அப்பவும் பவர், நேரம், சாயம் கரையுதா என்று எல்லாத்தையும் முதலில் ஒரு உதிரி நூலில் பார்க்கணும். எடை கூட்டுவதற்காக வெள்ளீய உப்பு ஏற்றிய 19-ஆம் நூற்றாண்டுப் பட்டுன்னா இன்னும் பயம். அது சும்மா மடித்து வைத்தாலே நொறுங்குற துணி.