ஆற்றல் நாணயம் கண்டவர்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களில் நீர் பாயும்போது, வேர்த்தூவிகளின் செல் சவ்வைக் கடந்து நீர் தானே உட்புகுகிறது. பொட்டாசியம் அவ்வாறு வருவதில்லை. மண்ணின் ஈரத்தில் அது சிறிதளவே உண்டு. செல்லுக்குள்ளோ மிகுதியாக உள்ளது. குறைந்த இடத்திலிருந்து நிறைந்த இடத்திற்கு அதனைச் சேர்க்கச் செல் ஆற்றலைச் செலவிட வேண்டும். அச்செலவுக்குரிய நாணயமே அடினோசின் டிரை பாஸ்பேட் என்னும் ஏடிபி. அதனைத் தசையிலிருந்து பிரித்தறிந்தவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895 சனவரி 12 அன்று பிறந்த அவர், பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின் காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதர் உடுத்தினார். அது அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு உவப்பாக இல்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குச் சகோதரர்களை இழந்தவர் அவர்; அந்நோய் அவரையும் வாட்டியிருந்தது.

பாஸ்டனில் மருத்துவமனைப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வைத் தொடர்ந்தார். உயிர்ப்பொருளில் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளக்க, 1925இல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ஓர் எளிய முறையை வகுத்தார். கரைசலில் உள்ள பாஸ்பேட், மாலிப்டேட்டுடன் சேர்ந்து ஒடுக்கமடையும்போது நீலநிறம் தோன்றும். நிறம் அடர்ந்தால் பாஸ்பரஸ் மிகுதி, வெளிறினால் குறைவு. செல் சவ்வின் அடிப்படையான பாஸ்போலிப்பிடுகளை அளக்கவும் இம்முறையும் அதன் திருத்த வடிவங்களும் பின்னர்ப் பெரிதும் பயன்பட்டன. சவ்வு இரண்டு கொழுப்பு அடுக்குகளால் ஆனது என்று நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் அறிவித்ததும் அதே 1925இல்தான். இரு குழுவினரும் ஒருவரையொருவர் அறிந்து செய்த பணியன்று அது.

அந்த நீலநிறமே அடுத்த கதவையும் திறந்தது. தசையில் பாஸ்பேட்டை அளந்தபோது, நேரம் செல்லச் செல்ல அளவு கூடிக்கொண்டே சென்றது. அதனைப் பிழையென்று ஒதுக்காமல் ஆராய்ந்ததில், எளிதிற் சிதையும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் 1927இல் வெளிப்பட்டது. தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற அக்காலக் கருத்து இதனால் ஆட்டங்கண்டது. 1929இல் ஏடிபி கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியே அதனைக் கண்டறிந்தார். பாடநூல்கள் பலவற்றில் லோமன் பெயர் மட்டுமே நிற்பது முழு நீதியாகாது.

ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி கிட்டாமையால், 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அவ்வமிலம் ஸ்புரூ நோய்க்கும் மருந்தாயிற்று. அதன் எதிர்ப்பொருளான அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சில காலமேனும் தணித்த முதல் மருந்து. யானைக்கால் நோய்த் தடுப்புக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட டைஎதில்கார்பமசின் மாத்திரையும் அக்குழுவின் கொடையே.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்புச் சவ்வை ஆராய்ந்து, ஏடிபியைச் சிதைக்கும் நொதி ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். சவ்வில் பதிந்த அப்புரதம், ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுக்கும் உந்தி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்காக 1997இல் ஸ்கூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுப்பாராவின் நூற்றாண்டான 1995இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.