பட்டமும் பட்டறையும்: ருடால்ப் டீசல் வரலாறு

சில மனிதர்களுடைய பெயர் உலகெங்கும் வழங்கும். ஆனால் அது ஒரு மனிதனுடைய பெயர் என்பதை உலகம் மறந்து போகும். அத்தகைய பெயர்களுள் ஒன்று டீசல். நெடுஞ்சாலையில் நமக்கு முன்னே செல்லும் லாரியின் எண்ணெய்த் தொட்டியில் அப்பெயர் எழுதியிருக்கிறது. மின்சாரம் எட்டாத காலத்தில் நம் நாட்டுக் கிணற்று மேட்டில் தடதடத்து நீர் இறைத்த எஞ்சினுக்கும் அதுவே பெயர். எண்ணெய்க்குத்தான் அப்பெயர் என்று எண்ணுவோர் பலர். எண்ணெய்க்கு முன்னே எஞ்சின் தோன்றியது. எஞ்சினுக்கு முன்னே ஒரு மாணவன் தோன்றினான். அந்த மாணவனுடைய வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன். பொறியியல் கல்லூரிகளில் பயிலும் நம் நண்பர்களுக்கும், எம்.எஸ்சி. வகுப்பில் ஏடும் கையுமாக இருக்கும் என் போன்றோருக்கும் அதில் கொள்ளத்தக்கன பல உண்டு, அஞ்சத்தக்கனவும் உண்டு.

ஊர் விட்டு ஊர்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பிறந்த ஊர் பாரிஸ் என்றாலும் பெற்றோர் ஜெர்மானியர். பவேரியா நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை புத்தகம் கட்டும் தொழில் கற்றவர். தோல் பொருள்கள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். வீட்டில் வசதி குறைவு. ஆயினும் நகரத்தில் ஒரு செல்வம் இருந்தது. பழைய இயந்திரங்களைச் சேர்த்து வைத்திருந்த தொழிற்கலைக் காட்சிசாலையே அது. சிறுவன் அங்கே சென்று இயந்திரங்களைப் பார்த்துப் படம் வரைவான். நூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர் ஒருவர் செய்த நீராவி வண்டியும் அங்கே நின்றது.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டன் சேர்ந்தது. அங்கேயும் வறுமை உடன் வந்தது. ஆகவே, பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தந்தையின் ஊராகிய ஆக்ஸ்பர்க்குக்குத் தனியே அனுப்பி வைத்தார்கள். போர்க்காலம், பல நாள் பயணம். அங்கே கணித ஆசிரியராக இருந்த உறவினர் ஒருவர் தம் மனைவியோடு அவனை அன்புடன் ஏற்று வளர்த்தார். பிரான்சில் ஜெர்மானியன் என்றும், ஜெர்மனியில் பிரான்சிலிருந்து வந்தவன் என்றும் பேர் வாங்கிய சிறுவனுக்கு எந்த ஊர் சொந்த ஊர்? சொந்த ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு இக்கேள்வியின் பொருள் எளிதில் விளங்கும். அவனுக்குப் படிப்பே சொந்த ஊர் ஆயிற்று.

எஞ்சினியர் ஆவதென்று பதினான்கு வயதிலேயே முடிவு செய்து பெற்றோருக்கு எழுதிவிட்டான். ஆக்ஸ்பர்க் தொழிற்பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். 1875-ல் மியூனிக் நகரத்துப் பாலிடெக்னிக் அவனுக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தது. பெற்றோரோ, படித்தது போதும், சம்பாதிக்க வா என்றார்கள். அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு ஆடம்பரமாகவே தோன்றும். பதினேழு வயது இளைஞன் உபகாரச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டு மியூனிக் சென்றான்.

ஏட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு

மியூனிக் பாலிடெக்னிக்கில் அப்போது இயந்திரவியல் பேராசிரியராக இருந்தவர் கார்ல் லிண்டே. குளிர்சாதன இயந்திரங்களை உருவாக்கிப் பெரும் புகழ் பெற்றவர் அவரே. அவரிடம் ஒரு தனிச் சிறப்பு இருந்தது. கரும்பலகையில் சமன்பாடு எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. இயந்திரங்களை ஓட விட்டு அளந்து பார்ப்பதற்கென்று ஒரு சோதனைக்கூடத்தையும் கல்லூரியில் அமைத்தார். ஜெர்மனியில் அத்தகைய கூடங்களுக்கு அது முன்னோடி. வெப்ப இயக்கவியல் என்னும் சாத்திரமும், ஆலையில் இயங்கும் இயந்திரமும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்று மாணவர்கள் அங்கே கண்ணாரக் கண்டார்கள்.

1878-ல் ஒரு நாள் லிண்டே நீராவி எஞ்சினைப் பற்றிப் பாடம் சொன்னார். உலையில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்குதான் வேலையாக மாறுகிறது. எஞ்சியதெல்லாம் புகைபோக்கியிலும் குளிர் நீரிலும் வீணாகிறது என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1824-ல், பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ, வெப்ப எஞ்சின் ஒன்று அதிகபட்சம் எவ்வளவு வேலை தரலாம் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கார்னோவின் எல்லைக்கும் ஆலையில் ஓடும் எஞ்சினுக்கும் இடையே இத்தனை பெரிய இடைவெளியா? இருபது வயது மாணவர் தம் குறிப்பேட்டின் ஓரத்தில், கார்னோவின் சுழற்சியை நடைமுறைக்குக் கொண்டுவர முடியுமா என்று ஆராய வேண்டும் என்பதாக எழுதிக்கொண்டார். வகுப்பில் இருந்த எல்லோரும் அந்தப் பாடத்தைக் கேட்டார்கள், தேர்வும் எழுதினார்கள். ஒருவருக்கு மட்டும் அது வாழ்நாள் வேலை ஆயிற்று.

1879-ல் இறுதித் தேர்வு நெருங்கிய போது டீசலுக்கு டைபாயிடு காய்ச்சல் கண்டது. தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களை அவர் வீணாக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் விண்டர்த்தூர் என்னும் ஊரிலுள்ள சுல்சர் சகோதரர்களின் இயந்திரத் தொழிற்சாலைக்குச் சென்று பட்டறையில் வேலை பழகினார். அரம் பிடித்து இரும்பை இழைக்கவும், வார்ப்படத்தின் குணம் அறியவும், வரைபடத்திலுள்ள கோடு உலோகத்தில் எப்படி மாறுகிறது என்று உணரவும் அங்கே வாய்ப்புக் கிடைத்தது. 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்றார்.

பனிக்கட்டியிலிருந்து நெருப்புக்கு

பட்டம் பெற்றவரை லிண்டே பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே புதிதாக அமைந்துகொண்டிருந்த குளிர்சாதன, ஐஸ் தொழிற்சாலையில் வேலை. ஓராண்டுக்குள் அந்த ஆலையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. இயந்திரங்களை நிறுவுவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது, விற்பது எல்லாம் அவர் கடமை. தெளிந்த பனிக்கட்டி செய்யும் முறைக்கு 1881-லேயே காப்புரிமை பெற்றார். 1883-ல் மார்த்தா என்ற பெண்மணியை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தார்கள். 1890-ல் குடும்பத்தோடு பெர்லின் சென்றார்.

குளிர்ச்சியைச் செய்யும் ஆலையில் நெருப்பு எஞ்சினுக்கு என்ன பாடம் இருக்கிறது என்று கேட்கலாம். ஆலை முழுவதும் அந்தப் பாடமே. அமோனியா வாயுவை அழுத்தினால் சூடேறுகிறது. விரிய விட்டால் குளிர்கிறது. நாள்தோறும் கம்பிரசர்களோடு பழகியவருக்கு அழுத்தமும் வெப்பமும் கைவந்த பொருள்களாயின. முதலில் நீராவிக்குப் பதில் அமோனியா ஆவியை வைத்து எஞ்சின் செய்யப் பல ஆண்டு முயன்றார், பயன் கிட்டவில்லை. பிறகுதான் எளிய உண்மை ஒன்று பளிச்சிட்டது. ஆவி எதற்கு? காற்றே போதுமே!

காற்றை மிகக் குறுகிய இடத்தில் திடீரென்று அழுத்தினால் அது பஞ்சைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சூடேறும். தென்கிழக்கு ஆசியாவில் மலாய் முதலிய இனத்தார் இந்த முறையில் நெருப்பு உண்டாக்கும் சிறு குழல்களை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். டீசலின் எஞ்சினும் அக்குழலின் பெரிய வடிவம் போன்றதே. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, பிஸ்டனால் பலமாக அழுத்தவேண்டும். காற்று கொதிப்பேறி நிற்கும் அந்த நொடியில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டாம்; கொதிகலன் வேண்டாம். எவ்வளவுக்கு எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு வெப்பம் வேலையாக மாறும்.

1892-ல் விண்ணப்பித்து 1893-ல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் தம் கொள்கையை நூலாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் சோதனைக்கு இடம் தந்தார். எஸ்ஸன் நகரத்து க்ருப் நிறுவனமும் பொருளுதவி செய்தது.

பட்டறை சொன்ன திருத்தம்

ஏட்டில் எழுதியது இரும்பில் ஏறுவது எளிதன்று. காப்புரிமைக் கணக்கின்படி காற்றை 250 வாயுமண்டல அழுத்தம் வரை அழுத்தவேண்டும். எரிதல் நடக்கும்போது வெப்பநிலை ஏறவும் கூடாது. அப்படி ஓர் எஞ்சினைச் செய்தாலும், அது தன் உராய்வை வெல்வதற்கே சக்தியைச் செலவிட்டுவிடும் என்பது தெரிய வந்தது. டீசல் பிடிவாதம் பிடிக்கவில்லை. அழுத்தத்தைப் பெரிதும் குறைத்தார். சம வெப்பநிலையை விட்டுச் சம அழுத்தத்தில் எரிய விட்டார். திருத்தத்துக்கும் தனியே காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் எதிரிகள் இதையே சுட்டி, காப்புரிமையில் உள்ளது ஓர் எஞ்சின், ஓடுவது வேறோர் எஞ்சின் என்று தூற்றினார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், இயற்கை மறுத்த இடத்தில் தன் கணக்கைத் திருத்திக்கொள்வது குற்றமாகுமா? விஞ்ஞானத்தின் வழியே அதுவல்லவா!

1893 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் சோதனை. எண்ணெய் தெளித்தவுடன் தீப்பற்றியது. ஆனால் அழுத்தம் தாங்காமல் அளவுகருவி வெடித்துச் சிதறியது. அருகில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தது பெரிது. எஞ்சின் ஓடவில்லை, ஆயினும் கொள்கை மெய் என்பது தெரிந்தது. 1894 பிப்ரவரி 17-ந் தேதி ஒரு விந்தை நிகழ்ந்தது. அதுவரை எஞ்சினை வெளியிலிருந்து வார் பூட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வார் மறுபுறமாக இழுபடுவதை மெக்கானிக் கவனித்தார். எஞ்சின் தானே ஓடத் தொடங்கிவிட்டது! அது ஓடியது ஒரு நிமிடம்தான். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றினாராம்.

இன்னும் மூன்று ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. எண்ணெயைத் தெளிக்கும் முறை, வால்வு, முனைக் குழல் ஒவ்வொன்றும் புதிதாகச் செய்து, உடைத்து, மறுபடி செய்யப்பட்டது. 1897 பிப்ரவரி 17-ந் தேதி மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் எஞ்சினை அளந்தார். ஏறத்தாழ 20 குதிரைச் சக்தி கொண்ட அந்த எஞ்சின், எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. மாணவர் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய கேள்விக்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

புகழும் கடனும்

பிறகு செல்வம் குவிந்தது. அமெரிக்க உரிமையை மட்டும் அடோல்பஸ் புஷ் என்ற செல்வர் 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1900-ம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் உயர்ந்த பரிசைப் பெற்றது. அங்கே நின்ற எஞ்சின்களுள் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பது நமக்குச் சுவையான செய்தி. 1912-ல் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா என்னும் பெரிய கப்பல் டீசல் எஞ்சினால் கடல் கடந்து உலகை வியக்க வைத்தது.

ஆனால், சோதனைக்கூடத்தில் ஓடுவது வேறு. ஆலையில் அன்றாடம் ஓடுவது வேறு. 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலை முதல் எஞ்சினை வாங்கியது; அது ஓயாமல் தொல்லை கொடுத்தது. ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தனித் தொழிற்சாலையும் நிலைக்கவில்லை. ஓய்வின்றி உழைத்த டீசல் நோயுற்று மருத்துவ விடுதியில் தங்க நேர்ந்தது. எஞ்சினை உறுதியாக்கியவர்கள் ஆக்ஸ்பர்க் பட்டறையைச் சேர்ந்த லாஸ்டர் போன்ற எஞ்சினியர்களே. இதையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமை பெறாது.

பணத்தைக் காப்பதில் டீசல் தேர்ந்தவரல்லர். மியூனிக்கில் மாளிகை எழுப்பினார், நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பணம் போட்டு இழந்தார், வழக்குகளுக்கும் செலவிட்டார். தொழிலாளர் சிறு தொகை சேர்த்துத் தாமே ஆலைகளுக்கு உரிமையாளராகலாம் என்று 1903-ல் ஒரு நூல் எழுதினார். எஞ்சினைவிட அதையே பெரிதாக மதித்தார். உலகம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெளியே புகழ், உள்ளே கடன். அதை வீட்டாருக்கும் சொல்லாமல் மறைத்தார்.

1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, இங்கிலாந்து செல்வதற்காக ஆண்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். நண்பர்களோடு உணவருந்தினார், காலை ஆறே கால் மணிக்கு எழுப்பச் சொல்லி அறைக்குச் சென்றார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பல் தளத்தில் கிடந்தன. பத்து நாள் கழித்து டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, சட்டைப் பையிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலுக்கே விட்டார்கள். பொருள்கள் தம் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். பயணத்துக்கு முன் மனைவியிடம் டீசல் ஒரு பையைக் கொடுத்திருந்தார். அதில் 20,000 மார்க் பணமும், ஏறக்குறைய வெறுமையாகிவிட்ட கணக்குகளின் தாள்களும் இருந்தன. யாரோ கொன்றார்கள் என்று பத்திரிகைகள் கதை கட்டின. கடன் சுமையைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 55.

நண்பர்களே! இன்று பெருங்கடலில் சரக்கேற்றிச் செல்லும் பெரிய டீசல் எஞ்சின்கள் எண்ணெயின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றுகின்றன. அவற்றின் புகை காற்றைக் கெடுக்கிறது என்பதால் மாற்று வழி தேடும் வேலையும் நடக்கிறது. அதைச் செய்யவேண்டியவர்கள் இன்று வகுப்பில் இருப்பவர்களே. பாடத்தைக் கேட்டதோடு நில்லாமல் அதன் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதவும், தேர்வு தவறிய மாதங்களிலும் பட்டறைக்குப் போகவும், இரும்பு மறுத்தால் கணக்கைத் திருத்தவும் டீசலின் வாழ்வு கற்பிக்கிறது. அவருடைய இறப்பு கற்பிப்பது இன்னொன்று. இயந்திரத்தின் அழுத்தத்தை அளக்க அவரிடம் கருவி இருந்தது. மனத்தின் அழுத்தத்தைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. வீட்டாரின் எதிர்பார்ப்பையும் கடனையும் சுமந்துகொண்டு விடுதி அறையில் தனித்திருக்கும் தோழர் நம்மிடையேயும் இருக்கலாம். அவர் கதவைத் தட்டிப் பேசுவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை.